வீடியோ பார்த்தால் புரிகிறது, கணக்குப் போட வரவில்லை

இந்த வாரக் கடிதம் 17 வயது மாணவி ஒருவருடையது. வட மாவட்டம் ஒன்றில், அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறார். கணக்கில் 98. பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. கல்லூரி திறக்க இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. அதற்குள் ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா, அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா, டோபாலஜி என்ற உயர் கணிதப் பாடங்கள் நான்கையும் தானாகவே படித்துவிட வேண்டும் என்று பொதுத்தேர்வு முடிந்த கையோடு உட்கார்ந்தவர். போனில் 11 பிடிஎஃப் புத்தகங்கள் வைத்திருக்கிறார், 40 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு வீடியோக்கள் பார்த்திருக்கிறார். ஆறு வாரத்தில் புத்தகத்தில் நகர்ந்தது 14 பக்கம்.

"வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. பயிற்சிக் கணக்கை எடுத்தால் முதல் வரியே எழுத வரவில்லை. எனக்கு அந்த அளவுக்கு மூளை இல்லையோ?" என்று கேட்கிறார். ராமானுஜன் தானாகத்தானே கற்றார், கல்லூரியில் முதலாண்டுப் பாடங்களை விட்டுவிட்டு நேராக மேல் பாடத்துக்குப் போக முடியாதா என்பது இரண்டாவது கேள்வி. அப்பா இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்யச் சொல்கிறார். ஆங்கிலப் புத்தகம் படிக்கத் திணறலாக இருக்கிறது. தான் போட்ட கணக்கு ஒன்றையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் அனுப்பிய படத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் முதல் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

எக்ஸ் 2-ஐ நெருங்கும்போது எக்ஸின் வர்க்கம் 4-ஐ நெருங்கும் என்று எப்சிலான்-டெல்டா வரையறையைக் கொண்டு நிறுவ வேண்டும். எப்சிலான் என்பது விடையில் அனுமதிக்கப்படும் விலகல், டெல்டா என்பது எக்ஸ் 2-ஐ விட்டு விலகக்கூடிய தூரம். வர்க்கத்துக்கும் 4-க்கும் உள்ள வித்தியாசத்தை (எக்ஸ் - 2) × (எக்ஸ் + 2) என்று காரணிப்படுத்தியிருக்கிறீர்கள். சரி. பிறகு டெல்டா = எப்சிலான் ÷ (எக்ஸ் + 2) என்று எடுத்து முடித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குறி மிகச் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

வரையறையில் யார் முன்னால் வருகிறார், யார் பின்னால் வருகிறார் என்பதைப் பாருங்கள். முதலில் எதிராளி ஓர் எப்சிலானைக் கொடுக்கிறார். அதைப் பார்த்து நீங்கள் டெல்டாவைச் சொல்கிறீர்கள். அதற்குப் பிறகுதான், அந்த டெல்டா தூரத்துக்குள் இருக்கும் ஏதோ ஓர் எக்ஸ் வருகிறது. உங்கள் டெல்டாவுக்குள்ளேயே எக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் வராத ஆளைப் பார்த்து விடை சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

திருத்துவது எளிது. எக்ஸ் 2-இலிருந்து 1-க்கும் குறைவான தூரத்தில் இருக்கட்டும் என்று முதலில் ஒரு வேலி போடுங்கள். அப்போது எக்ஸ் 1-க்கும் 3-க்கும் இடையில் நிற்கும், எக்ஸ் + 2 என்பது 5-ஐத் தாண்டாது. ஆகவே வர்க்கத்துக்கும் 4-க்கும் உள்ள வித்தியாசம், எக்ஸுக்கும் 2-க்கும் உள்ள தூரத்தைப் போல் 5 மடங்கை மிஞ்சாது. டெல்டாவாக 1, எப்சிலான் ÷ 5 இரண்டில் சிறியதை எடுத்தால் போதும். எப்சிலான் 0.1 என்றால் டெல்டா 0.02. எக்ஸுக்கு 2.01 போட்டுப் பாருங்கள், வர்க்கம் 4.0401, வித்தியாசம் 0.0401. உள்ளே நிற்கிறது.

இந்தக் கணக்கை முதன்முதலில் போடும் பலரும் சறுக்கும் இடம் இது. உங்களுக்குச் சந்தேகம் சரியாகவே வந்திருக்கிறது. "ஆமாம், இந்த வரிதான் தப்பு" என்று சொல்ல ஆள் இல்லாததால், அந்தச் சந்தேகம் "எனக்கு மூளை இல்லை" என்று திரும்பிவிட்டது. தனியாக உயர் கணிதம் படிப்பவர்களின் பெரிய ஆபத்து, எழுதியதை வேறொருவர் படிக்காமல் போவதுதான். நான் சொல்லப்போகும் எல்லா யோசனையும் இதைச் சுற்றியே இருக்கும்.

14 பக்கம் என்பதையும் குறையாக எண்ண வேண்டாம். இந்தப் பாடத்தில் ஓர் உட்காரலில் மூன்று பக்கம் முன்னேறினால் நல்ல வேகம். ஒரே பக்கத்தில் இரண்டு நாள் நிற்பதும் வழக்கம்தான். உங்கள் ஆறு வாரத்தைத் தின்றது பக்கங்களின் வேகக்குறைவு இல்லை, அந்த 40 மணி நேர வீடியோ. கரும்பலகையில் அடுத்த வரி என்ன என்பதை ஆசிரியர் தீர்மானிக்கிறார். நாம் தலையாட்டுகிறோம். அடுத்த வரி எது என்று தேர்ந்தெடுப்பதுதான் இங்கே கற்க வேண்டிய வேலை, அதை வீடியோ நமக்காகச் செய்துவிடுகிறது. என்பிடெல் (ஐஐடி பேராசிரியர்களின் பாட வீடியோக்கள் உள்ள தளம்) போன்ற தளங்களில் உள்ள வகுப்புகள் நல்லவை. ஆனால் புத்தகத்தில் ஒரு தேற்றத்தோடு அரை மணியாவது மல்லுக்கட்டிய பிறகு, அந்தத் தேற்றத்துக்கான பகுதியை மட்டும் பாருங்கள். நிரூபணம் தொடங்கியதும் நிறுத்தி, அடுத்த வரியை நீங்களே எழுதிவிட்டுத் தொடருங்கள்.

பள்ளியில் படித்தது எங்கே நிற்கிறது

பதினொன்று, பன்னிரண்டில் எல்லை, வகையிடல், தொகையிடல், அணிகள் எல்லாம் முடித்துவிட்டேன், ஆகவே அடிப்படை தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. கையில் கணக்குப் போடும் வேகம் இருக்கிறது, அது பின்னால் மிகவும் உதவும். ஆனால் பள்ளியில் தேற்றத்தைப் பயன்படுத்தினோம். இனி அந்தத் தேற்றம் ஏன் உண்மை, நிபந்தனைகளில் ஒன்றைக் கழற்றினால் எங்கே உடையும் என்று பார்க்கப்போகிறோம்.

ஒரு சின்னச் சோதனை. சரியாக இருபடியாக உள்ள பல்லுறுப்புக் கோவைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வெக்டர் வெளி ஆகுமா? அணிகளில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களும் இதில் யோசித்து நிற்பார்கள். ஆகாது. எக்ஸ் வர்க்கம் + எக்ஸ் என்பதையும் மைனஸ் எக்ஸ் வர்க்கம் என்பதையும் கூட்டினால் வெறும் எக்ஸ் மிஞ்சும், அது இருபடி கிடையாது. வெக்டர் வெளியில் எந்த இரண்டைக் கூட்டினாலும் விடை உள்ளேயே நிற்க வேண்டும், இங்கே கூட்டியதும் வெளியே போய்விட்டது. விடை இரண்டே வரி, ஆனால் அந்த இரண்டு வரியை எழுத வரையறையைக் கையில் எடுக்க வேண்டும். லீனியர் அல்ஜீப்ரா அங்கேதான் தொடங்குகிறது.

எட்டு வாரத்துக்கு என்ன செய்யலாம்

நான்கு பாடம் வேண்டாம். டோபாலஜியை இப்போதைக்கு முழுவதுமாக விடுங்கள். எண்களின் மேல் தொடர்ச்சி என்றால் என்ன என்று கை பழகாமல் டோபாலஜியின் வரையறைகளைப் படித்தால், அவை எங்கிருந்து வந்தன என்றே தெரியாது. மனப்பாடம் ஆகும், மறந்தும் போகும். அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா அழகான பாடம். அது முதலாண்டு விடுமுறைக்கு இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம் நிரூபணம் எழுதப் பழகுவதற்கு மட்டும். கணங்கள், சார்புகள், கணிதத் தொகுத்தறிதல், முரண்பாட்டு முறை. பயிற்சிக்கு எண்ணியல் கணக்குகள் போதும்: பகா எண்கள் முடிவற்றவை, ரூட் 2 விகிதமுறா எண், ரூட் 3 விகிதமுறா எண். ரூட் 3-க்கு எழுதி முடித்ததும், அதே நிரூபணத்தை 3 வரும் இடத்தில் எல்லாம் 4 போட்டு அப்படியே எழுதிப் பாருங்கள். ரூட் 4 என்பது 2. ஆகவே ஏதோ ஒரு வரி உடைந்தே ஆக வேண்டும். எந்த வரி? "வர்க்கம் 4-ஆல் வகுபட்டால் எண்ணும் 4-ஆல் வகுபடும்" என்ற வரி. 2-இன் வர்க்கம் 4-ஆல் வகுபடுகிறது, 2 வகுபடவில்லை. உங்கள் தாளில் எந்த வரியும் உடையாவிட்டால், ரூட் 3-க்கு எழுதிய நிரூபணத்திலேயே ஒரு முக்கியமான காரணத்தைச் சொல்லாமல் தாண்டியிருக்கிறீர்கள் என்று பொருள். ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோது நம்மை நாமே சோதிக்க இதைவிட நல்ல வழி குறைவு.

அடுத்த ஐந்து வாரம் ரியல் அனாலிசிஸ்: மெய்யெண்கள், மீச்சிறு மேல்வரம்பு, தொடர்முறைகளின் ஒருங்கல், எல்லை, தொடர்ச்சி, இடைமதிப்புத் தேற்றம் வரை. ஐம்பது, அறுபது பக்கம் வரும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மாற்றத்துக்காக லீனியர் அல்ஜீப்ராவின் முதல் இரண்டு அத்தியாயம். கடைசி வாரம் புதிதாக எதுவும் வேண்டாம். படித்தவற்றில் 20 தேற்றங்களைத் தேர்ந்தெடுத்து, புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். பாதி வராது. வராத பாதியை மறுபடி படியுங்கள்.

நேரம், ஒரு நாளைக்கு மூன்று மணி போதும். காலையில் ஒன்றரை, மாலையில் ஒன்றரை. வாரம் ஆறு நாள். ஒரு கணக்கோடு 40 நிமிடம் போராடாமல் குறிப்பைப் பார்க்காதீர்கள். விடையைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அதை எழுத வேண்டாம். இரண்டு நாள் கழித்து, பார்க்காமல் எழுதுங்கள். உடனே எழுதினால் அது நினைவு, கணிதம் ஆகாது.

புத்தகம் ஒன்று முதன்மை, ஒன்று துணை. மற்ற ஒன்பதையும் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு நிரூபணம் விளங்காதபோது அடுத்த புத்தகத்துக்குத் தாவுவது பெரிய சபலம், அங்கேயும் அதே இடத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும். எதை வைத்துக்கொள்வது? தொடர்முறை அத்தியாயத்தைத் திறந்து முதல் இரண்டு பக்கம் படியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் "ஏன்" என்று கேட்டு, பாதிக்கு மேல் நீங்களே பதில் சொல்ல முடிகிற புத்தகம் உங்களுக்கானது. ஒரு பக்கத்திலேயே எல்லாவற்றையும் முடித்துவிடும் புகழ்பெற்ற நூல்கள் இரண்டாம் வாசிப்புக்கு உரியவை. அனுமதியில்லாமல் சுற்றும் பிரதிகளை நம்பியிருக்கவும் தேவையில்லை. சில பேராசிரியர்கள் தங்கள் நூல்களையே இலவசமாகத் தருகிறார்கள். மாவட்ட மைய நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். சென்னை, மதுரைப் பக்கம் போகும் வாய்ப்பு வந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகம், கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கின்றன. போன் திரையில் நிரூபணம் படிக்காதீர்கள். மேல் வரியையும் கீழ் வரியையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாமல் போவதே பாதித் திணறலுக்குக் காரணம். இலவசமாகக் கிடைக்கும் நூலில் ஓர் அத்தியாயத்தை மட்டும் ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வரையறையைப் படிப்பது எப்படி

பயிற்சிக் கணக்கில் முதல் வரி வராததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், கேள்வியில் உள்ள சொல்லின் வரையறை கைக்கு வரவில்லை. முதல் வரி எப்போதும் வரையறைதான்.

மீச்சிறு மேல்வரம்பை, அதாவது கணத்தின் எந்த உறுப்பும் தாண்டாத எண்களில் மிகச் சிறியதை, எடுத்துக்கொள்வோம். 1/2, 2/3, 3/4, 4/5 என்று போகும் எண்களின் கணம். இதன் மீச்சிறு மேல்வரம்பு 1. நோட்டில் நான்கு விஷயங்களை எழுதுங்கள். 1 ஏன் மேல்வரம்பு: எந்த உறுப்பும் 1-ஐ எட்டுவதில்லை. 1 கணத்துக்குள் இருக்கிறதா: இல்லை, ஆகவே மீச்சிறு மேல்வரம்பும் கணத்தின் மிகப்பெரிய உறுப்பும் வேறு வேறு. 1 ஏன் மீச்சிறியது: 0.99 போதும் என்று ஒருவர் சொன்னால், 100/101-ஐக் காட்டி மறுக்கலாம், அது 0.99-ஐவிடப் பெரியது. கடைசியாக, ஓர் எண் மீச்சிறு மேல்வரம்பு இல்லை என்று காட்ட என்ன செய்ய வேண்டும்: ஒன்று, அதைத் தாண்டும் உறுப்பைக் காட்ட வேண்டும், அல்லது அதைவிடச் சிறிய மேல்வரம்பைக் காட்ட வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வரையறையை மறுத்து எழுதத் தெரிந்தால் முரண்பாட்டு முறை தானாக வரும்.

தமிழ் வழி, ஆங்கிலப் புத்தகம்

இது நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிய சுவர் இல்லை. கணிதப் புத்தகத்தில் திரும்பத் திரும்ப வரும் ஆங்கிலத் தொடர்கள் நாற்பது, ஐம்பதுக்குள் அடங்கும். ஃபார் எவ்ரி, தேர் எக்ஸிஸ்ட்ஸ், சச் தட், இஃப் அண்ட் ஒன்லி இஃப், வித்தவுட் லாஸ் ஆஃப் ஜெனராலிட்டி. ஒரு தாளில் இவற்றுக்கு நேராகத் தமிழில் பொருள் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். யோசிப்பது தமிழிலேயே நடக்கட்டும். தேர்வை ஆங்கிலத்தில் எழுதுவதாக இருந்தால் மட்டும், முடித்த நிரூபணத்தை மாலையில் ஆங்கிலத்தில் ஒருமுறை எழுதுங்கள்.

கவனிக்க வேண்டியது பேச்சு வழக்கு. "மழை பெய்தால் வரமாட்டேன்" என்றால், பெய்யாவிட்டால் வருவார் என்று நாம் எடுத்துக்கொள்வோம். கணிதத்தில் அப்படி எடுக்கக் கூடாது, பெய்யாவிட்டால் என்ன என்று அந்த வாக்கியம் எதுவும் சொல்லவில்லை. "டீ அல்லது காபி" என்றால் கடையில் ஒன்றுதான். கணிதத்தின் "அல்லது"வில் இரண்டும் சேர்ந்து வரலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது சொல்வரிசை. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு என்பது வேறு, எல்லாப் பூட்டையும் திறக்கும் ஒரே சாவி உண்டு என்பது வேறு. தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் (எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே டெல்டா போதும் என்ற நிலை) உள்ள வித்தியாசம் முழுக்க இந்தச் சாவியில் இருக்கிறது. உங்கள் டெல்டாப் பிழையும் இந்தக் குடும்பம்தான்: வரும் ஒவ்வோர் எக்ஸுக்கும் தனித்தனிச் சாவி செய்துவிட்டீர்கள், கேட்டதோ ஒரே சாவி.

யாரிடம் காட்டுவது

வாரம் ஒரு பக்கம், ஒரே ஒரு நிரூபணம், சுத்தமாக எழுதி ஒருவரிடம் காட்டுங்கள். பள்ளியில் உங்களுக்குப் பாடம் எடுத்த முதுநிலைக் கணித ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் எம்.எஸ்சி.யில் இதைப் படித்துத்தான் வந்திருப்பார். "சார், இதில் எந்த வரியை நீங்கள் நம்பவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். "இது சரியா" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். பக்கத்துக் கல்லூரியில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கும் அக்கா யாராவது இருந்தாலும் போதும். உங்களைப் போலவே படிக்கும் தோழி ஒருவர் இருந்தால் தாளை மாற்றிக்கொள்ளுங்கள், அடுத்தவர் பிழையைக் கண்டுபிடிப்பது நம் பிழையைக் கண்டுபிடிப்பதைவிட எளிது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நிரூபணம் எழுதித் தரச் சொல்லாதீர்கள். தருவது பார்க்கச் சரியாக இருக்கும், நடுவில் ஒரு வரி ஓட்டையாகவும் இருக்கலாம், அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கண் உங்களுக்கு இப்போதுதான் வளர்கிறது. நீங்கள் எழுதி முடித்ததைக் கொடுத்து, "பிழை உள்ள வரியை மட்டும் சொல், திருத்தித் தராதே" என்று கேட்கலாம். அது சொல்வதையும் அப்படியே ஏற்காமல் வரையறையோடு ஒத்துப்பார்த்த பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள்.

ராமானுஜன், முதலாண்டு, அப்பா

ராமானுஜன் தனியாகக் கற்றார் என்பது முழு உண்மை ஆகாது. 1903 வாக்கில் கும்பகோணத்தில் அவர் கைக்கு வந்த நூல், ஆயிரக்கணக்கான முடிவுகளை மிகக் குறைந்த விளக்கத்தோடு அடுக்கிய ஒரு தொகுப்பு. அதை வைத்து அவர் செய்தது அசாத்தியம். ஆனால் மற்ற பாடங்களைக் கவனிக்காததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. (பட்டப்படிப்புக்கு முந்தைய அன்றைய கல்லூரித் தேர்வு) தேர்வில் தேறவில்லை. பிறகு சில ஆண்டுகள் வேலையில்லாமல் அலைந்தார். அவரை மீட்டது எழுதியதைப் படிக்க ஆள் கிடைத்ததுதான். 1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தபோது, அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் தானும் கணிதம் தெரிந்தவர், ராமானுஜனோடு உட்கார்ந்து அவர் வேலையைப் பார்த்தார். 1913-இல் இங்கிலாந்துக் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம், 1914-இல் கேம்பிரிட்ஜ். அவ்வளவு பெரிய மனிதருக்கே படித்துப் பார்க்க ஒருவர் தேவைப்பட்டார்.

முதலாண்டுப் பாடத்தைத் தாண்டிப் போக முடியுமா என்றால், நம் பல்கலைக்கழகங்களோடு இணைந்த கல்லூரிகளில் பொதுவாக முடியாது. முன்கூட்டியே தெரியும் என்பதற்காகத் தேர்விலிருந்தோ வருகையிலிருந்தோ விலக்குக் கிடைக்காது, 75 சதவீத வருகை வேண்டும். ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையப் படிப்புத் தளத்தில் படித்த படிப்பைக் கணக்கில் சேர்ப்பது கல்லூரியும் பல்கலைக்கழகமும் ஏற்பதைப் பொறுத்தது. சேரும்போதே துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். பல கல்லூரிகளில் முதலாண்டில் இயற்கணிதம், முக்கோணவியல், வகையிடல் என்று கணக்குப்போடும் பாடங்கள்தான், ரியல் அனாலிசிஸ் முழுப் பாடமாக வருவது மூன்றாம் ஆண்டில். நீங்கள் இப்போது படிப்பதற்கு மதிப்பெண் உடனே வராது. "இது எனக்குத் தெரிந்ததுதானே" என்று முதலாண்டை அலட்சியப்படுத்திவிடும் ஆபத்து உண்மையானது. தமிழும் ஆங்கிலமும் சேர்த்துத்தான் பட்டம்.

அப்பாவின் கவலையைத் தட்டிவிடாதீர்கள். கவுன்சலிங்குக்குப் பதிவு செய்வதால் பொறியியலில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பதிவு செய்துவிடுங்கள், வீட்டில் பேச்சு சுமுகமாகும். கூடவே பி.எஸ்சி. கணிதத்துக்குப் பிறகு உள்ள வழியையும் அப்பாவுக்குக் காட்டுங்கள். மூன்றாம் ஆண்டில் ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வு எழுதி ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேரலாம். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். அதன் கணிதத் தாளில் ரியல் அனாலிசிஸும் லீனியர் அல்ஜீப்ராவும் உண்டு, நீங்கள் இந்த எட்டு வாரத்தில் போடும் அடித்தளம் அங்கே வேலை செய்யும். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் இளநிலை நுழைவுத்தேர்வையும் கேட்டிருந்தீர்கள். அடுத்த ஆண்டு எழுத நினைத்தால் முதலில் அறிவிப்பில் தகுதி நிபந்தனையைப் படியுங்கள். அந்தத் தேர்வின் பாடத்திட்டம் பள்ளி அளவுதான், டோபாலஜி எதுவும் வேண்டாம். பள்ளிக் கணிதத்தையே ஆழமாகப் பிடித்து நிரூபணத்தோடு எழுத வேண்டும். மேலே சொன்ன முதல் இரண்டு வாரப் பயிற்சி அதற்கும் சேர்த்துத்தான்.

கல்லூரி திறந்த முதல் வாரமே துறையில் பாடம் எடுக்கும் பேராசிரியர் ஒருவரைப் பாருங்கள். 11 பிடிஎஃப் படித்தேன் என்று சொல்ல வேண்டாம். எட்டு வார நோட்டை எடுத்துப் போய், உங்களுக்கே சந்தேகம் உள்ள ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து, வாரம் பதினைந்து நிமிடம் கேளுங்கள். அதுவரை இந்த வாரத்துக்கு ஒரு கணக்கு: எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது 1 ÷ எக்ஸ் என்பது 1/3-ஐ நெருங்கும் என்று நிறுவுங்கள். இங்கே வேலி போடும்போது எக்ஸ் பூஜ்யத்தின் பக்கம் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுதி, உங்கள் பள்ளிக் கணித ஆசிரியரிடம் காட்டிவிட்டு, எனக்கும் படம் அனுப்புங்கள். பென்சில் கேள்விக்குறிகளை அழிக்காமல் அனுப்புங்கள்.